யோகன் இல்லாத சனிக்கிழமைப் பறப்பு

யோகன் போய்விட்டார்.

நேற்றுக் காலை கடை திறக்க வெளிக்கிட்டவர், வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாராம்... அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தாரே, அந்த யோகன்தான். உங்களில் பாதிப்பேரின் லப்டொப்பை அவர் கழற்றிப் பூட்டியிருப்பார்.

எனக்கு அவர் விமானம் ஓட்டப் பழக்கினவர். கொம்பியூட்டர் விமானம்... வீட்டுக் கதிரையில் இருந்தபடி பறப்பது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பேர் இன்டர்நெட்டில் சேர்ந்து வரிசையாகப் பறப்போம். முன்னுக்கு எப்போதும் யோகன். அவருக்குப் பின்னால் நான்.

இன்று காலை மெல்பேர்ன் டார்னெய்டில் இருந்து சுதன் எங்கள் குரூப்பில் கேட்டிருக்கிறார். "இந்தச் சனி ஆர் லீட்? அன்ரிக்குக் கஷ்டமெண்டா மேப்பைப் போட்டுக்கொண்டு போவம். இல்லாட்டிக் கான்சல் பண்ணுவமோ?"

அன்ரி என்றது என்னைத்தான். பொறும் சுதன். பதிலுக்கு வருகிறேன்.

என் பேத்தி மெல்பேர்னுக்கு வேலைக்குப் போனபோது, கொம்பியூட்டர் விமானம் ஓட்டுகிற ஜோய்ஸ்டிக்கை இங்கே விட்டுவிட்டுப் போனாள். தூசி தட்டுவோம் என்று கையில் எடுத்தேன். பிறகு கீழே வைக்கவே இல்லை!

அது ஒருபக்கமாக இழுக்கத் தொடங்கியதும் யோகனின் கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஆருக்கு அக்கா, பேரனுக்கோ?"

"எனக்கு."

மனிசன் சிரிக்கவில்லை. "எதைப் பாத்துப் பறக்கிறனீங்கள்?" என்றார்.

"மேப்பிலை என்ர விமானம் ஓடுறது தெரியுமெல்லே. அதைப் பாத்துத்தான்."

"அப்ப நீங்கள் பறக்கேல்லை. பஸ்ஸிலை யன்னல்கரையிலை இருக்கிறீங்கள்."

எனக்கு வந்த கோபத்துக்கு, அடுத்த நாளே அவரிடம் பழகப் போய்விட்டேன்.

கடையின் பின்னறையில் இரண்டு ஸ்கிரீன். ஒன்றில் நான் பறப்பேன். மற்றதில் அவர் இருந்து காற்றையும் முகிலையும் என் தலையில் கொட்டுவார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பீக்கன் என்பது தரையில் நிற்கிற ஒரு றேடியோக் கம்பம். விமானத்துக்குள் ஒரு ஊசி அது நிற்கிற பக்கம் திரும்பிக் காட்டும். முகிலுக்குள் கண் தெரியாதபோது அந்த ஊசிதான் துணை.

ஒவ்வொரு பீக்கனும் தனக்கென்று ஒரு தாளத்தில் கூவிக்கொண்டிருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் ஓடும். தாளம் அப்படியில்லை... ஒருதரம் கேட்டால் போதும்.

மேப் இல்லாமல் சிட்னியில் இருந்து மலையைக் கடந்து, அந்தப் பக்கம் பாதர்ஸ்ட் ஊரில் இறங்கிக் காட்டினால்தான் சனிக்கிழமை வரிசையில் இடம். அது யோகனின் சட்டம். யாருக்கும் தள்ளுபடி இல்லை.

முதல்தரம் ஃபெயில். விமானத்தின் மூக்கை ஊசி காட்டின பக்கமே பிடித்துக்கொண்டு போனேன். காற்று என்னைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி, பெரிய வளைவு போட்டுக் கொண்டுபோய் விட்டது.

"ஊசியிலை பிழை இல்லை அக்கா. காத்தைத்தான் நீங்கள் மதிக்கேல்லை."

வீட்டுக்கு வரும் வழியில் சாமான் வாங்கப் போனேன். சில்லு கோணின ட்ரொலிதான் கிடைத்தது. அது இடதுபக்கம் இழுக்க, நான் பழக்கத்தில் கொஞ்சம் வலதுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நேராகப் போனேன். கார் பார்க் நடுவில் நின்றுவிட்டேன். இதுதானே அது!

உடனே ஃபோன் எடுத்துச் சொன்னேன். "ஓம், அந்த ட்ரொலியை விட்டிடாதேங்கோ, நாளைக்கும் அதையே எடுங்கோ" என்றார்.

இரண்டாந்தரம் மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பி, கம்பி மாதிரிப் போனேன். பீக்கனின் சத்தம் காதைக் குடைகிறது என்று குறைத்தும் விட்டேன். ஊசி அசையவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையும் நடப்பும்...

பார்த்தால், யோகன் தன் ஸ்கிரீனில் பீக்கனை எப்போதோ நிறுத்திவிட்டார். ஊசி கடைசியாகக் காட்டின இடத்தையே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் வழி விலகி, நேரே ஒரு மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஏமாத்திப்போட்டீர்!" என்றேன்.

"நானோ? சத்தம் நிண்டதை நீங்கள் கேக்கேல்லை. பீக்கன் செத்தாலும் ஊசி சொல்லாது அக்கா. சத்தம் மட்டுந்தான் சொல்லும்."

அன்றைக்கு சிட்னி வந்திருந்த சுதனும் பக்கத்தில் நின்றவர். "விடுங்கோ அண்ணை, அன்ரி பாவம், பாஸ் போடுங்கோ" என்றார்.

"அன்ரி பாவமில்லை. அந்த மலைதான் பாவம், இவ போய் இடிக்கப்போறா."

அந்தப் பகிடிக்கு நான்தான் பெரிதாகச் சிரித்தேன். பாஸ் போட்டிருந்தால் யோகனின் முகத்தில் முழித்திருக்க மாட்டேன்.

மூன்றாந்தரமும் நடுவழிப் பீக்கனை நிறுத்தினார். தாளம் அறுந்த உடனே பிடித்துவிட்டேன்! ஊசியை விட்டுவிட்டு, திசைகாட்டியில் அதே திசையைப் பிடித்தேன். மலை தாண்டினதும் பாதர்ஸ்ட் பீக்கனின் தாளம் காதில் விழுந்தது. ஊசியும் உயிர் வந்து திரும்பியது. இறங்கினேன்.

யோகன் கை தட்டவில்லை. "சனிக்கிழமை எனக்குப் பின்னாலை வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

பேத்திக்குச் செய்தி அனுப்பினேன். "ஓ மை கோட் அம்மம்மா! அப்ப ஜோய்ஸ்டிக் இனி எனக்கு இல்லை என்ன?" என்று எழுதினாள். இல்லைத்தான்.

சரி சுதன், இப்போது உமக்குப் பதில்.

கான்சல் இல்லை. மேப்பும் இல்லை. சனிக்கிழமை நான் முன்னுக்குப் போகிறேன். சனிக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல் இதுவரை பறந்ததில்லை, அது எனக்குத் தெரியும். பாதை எனக்குக் காதில் இருக்கிறது. நீர் எனக்குப் பின்னால் வாரும்... பீக்கனின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வாரும்.

இறுதிக் கிரியை விபரம் வீட்டார் சொன்னதும் இங்கே போடுகிறேன்.

போயிட்டு வாரும் யோகன். நான் சத்தத்தைக் குறைக்கேல்லை.