வாசல் கயிறு

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாடக ரசிகர் மன்றம் திருமயத்தில் ஆண்டு விழா நடத்தியது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. கீற்றுப் பந்தல் போட்டதும் தண்ணீர் சுமந்ததும் உறுப்பினர்களில் சிலர்தான். எனக்கு வாசல் கயிற்றைக் காக்கும் வேலை; சந்தா கட்டி பேட்ஜ் குத்திய உறுப்பினர்களை மட்டுமே உள்ளே விட வேண்டும்.

பக்கத்தில் ரோட்டு வேலை செய்தவர்கள் சிலர் வந்தார்கள். "ஓரமா நின்னு பாத்துக்கிறோங்க," என்றார் அவர்களில் ஒரு பெண்.

"பேட்ஜ் இல்லாம விட முடியாது. அங்கிட்டு நில்லுங்க," என்றேன்.

பாதி நாடகத்தில் ஆடிக்காற்று பந்தலைத் தூக்கியது. நான் ஓடிப்போய் ஒரு பந்தல்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கைகொடுக்கச் சொல்லிக் கத்தினேன். பேட்ஜ் குத்தியவர்கள் எழுந்து விலகி நின்றார்கள்.

"சந்தா வாங்கினீங்கள்ல, பந்தல ஒழுங்காப் போட மாட்டீங்களா?" என்று கேட்டார் பொன்னமராவதி உறுப்பினர் ஒருவர். மன்றம் எனக்கு எவ்வளவு சொந்தமோ அவருக்கும் அவ்வளவு சொந்தம்.

கயிற்றைத் தாண்டி ஓடிவந்து மற்றக் கால்களைப் பிடித்தவர்கள் அந்த ரோட்டு வேலைக்காரர்கள்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தும், காற்று அடங்கும்வரை அவர்கள் விடவில்லை.

நாடகம் மறுபடி தொடங்கியது. பொன்னமராவதிக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"வெளியாளுக உள்ள நிக்கிறாங்க. நீங்க என்ன பாக்குறீங்க?"

அது அந்தப் பெண் காதில் விழுந்துவிட்டது. அவர் கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் குனிந்து வெளியே போனார்கள். கடைசியாக அவரும் போனார்.

அந்த உறுப்பினரைப் பல வருஷம் திட்டியிருக்கிறேன். இப்போது திட்ட வாய் வருவதில்லை. அவர் கேட்க மட்டும்தான் செய்தார். அவர்கள் போனதும், தொய்ந்திருந்த கயிற்றை இறுக்கிக் கட்டியது நான்.