சவ்வுக்குக் கீழே நீலம்

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அந்தச் செல்கள் பல மாதம் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. மூளையில் ஓடும் இரத்தக்குழாய்களின் உட்சுவரில் இருப்பவை அவை. ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் வரும் கண்டதெல்லாம் மூளைக்குள் புகாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. அடியில் மெல்லிய சவ்வு வைத்த சின்னக் கிண்ணத்தில் அவற்றை வளர்க்க வேண்டும். இடைவெளியில்லாமல் மூடிக்கொண்டால் மின்சாரம் ஊடே போவது கடினமாகி, மீட்டரில் மின்தடை அளவு ஏறும். எனக்கு ஏறவே இல்லை. ஒரு தடவை கிருமி புகுந்தது. இன்னொரு தடவை இன்குபேட்டரே நின்றுபோனது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, கடலூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஈரத் தலையோடு மீட்டரை வைத்தேன். ஏறியிருந்தது. நம்பாமல் பக்கத்துக் கிண்ணத்தில் வைத்தேன். அதிலும் ஏறியிருந்தது. பேராசிரியையிடம் ஓடினேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

சிகரெட் புகை இந்தத் தடுப்பைத் தளர்த்தும் என்று ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். அதை நாங்களே செய்து பார்ப்பதாக இருந்தோம். வேப் என்கிற மின்சிகரெட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் என் அக்காவின் கணவர்.

மாமா தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் வண்டி ஓட்டுகிறார். அக்காவின் நச்சரிப்பில் சிகரெட்டை விட்டுவிட்டு, வெளிநாட்டு சிநேகிதர் ஒருவர் கொடுத்த வேப்பைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்குள் எப்போதும் மாம்பழ வாசனை. "வெறும் ஆவிதான் மச்சான், இட்லிப் பானையில வர்ற மாதிரி" என்பார். சோதனைக்கு வேண்டும் என்றதும் யோசிக்காமல் கொடுத்தார். முடிவை நேரில் பார்க்க வருவதாகவும் சொன்னார்.

சில கிண்ணங்களுக்குச் சிகரெட் புகை கலந்த திரவம், சிலவற்றுக்கு வேப் ஆவி கலந்தது, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் ஒவ்வொரு வகையிலும் ஒரு கிண்ணத்தில் நீலச் சாயம் ஊற்றினோம்; தடுப்பு தளர்ந்திருந்தால் அது சவ்வு வழியாகக் கீழே உள்ள தண்ணீரில் இறங்கும். அந்நேரம் மாமா மீனை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஒன்றும் சேர்க்காத கிண்ணத்தின் கீழே தண்ணீர் தெளிவாக நின்றது. புகை பட்டதன் கீழே நீலம் கொட்டியிருந்தது. வேப் கிண்ணத்தின் கீழே அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் நீலம். இத்தனை நாள் படித்தது கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. மாமா வேப் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என் தலையிலயும் இப்படித்தான் எறங்குதா?"

"கிண்ணம் வேற, தலை வேற மாமா. ஆனா இந்த மாதிரி செல்லுதான் அங்கயும் இருக்கு."

"திரும்ப ஒட்டிக்குமா?"

அதைச் சோதிப்பது எங்கள் திட்டத்தில் இல்லை. நான் பேராசிரியையைப் பார்த்தேன். சாயம் ஊற்றாத கிண்ணங்கள் மிச்சம் இருக்கின்றனவே, கழுவிப் புது திரவம் ஊற்றிப் பார்ப்போம் என்றார் அவர்.

அதன்பிறகு மாமாவின் போன் ஓயவில்லை. வண்டியை எங்காவது ஓரங்கட்டிவிட்டு, ஏறிச்சா என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். ஒரு காலை அவர் கூப்பிடும்வரை காத்திருக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"வேப் கிண்ணம் ஏறுது மாமா. முழுசா இல்ல."

லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு விடுவது கேட்டது. "ஏறுதுல்ல, அது போதும்" என்றார்.

வேப்பை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது, வேப்புக்குப் பதிலாகக் கொறிப்பதில் வண்டியில் வேர்க்கடலைத் தோல் குவிகிறது என்று அக்கா சொல்கிறாள். நடுவில் ஒருநாள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டதாக அவரே போனில் சொன்னார். பரவாயில்லை, முயற்சியை விடாதீர்கள் என்றேன். சோதனையில் ஒரு தடவை ஏறியதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அதனால் புதிய செல்களைக் கிண்ணங்களில் விட்டிருக்கிறோம். நேற்றிலிருந்து மீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது.