குறுக்கே திரும்பும் கைப்பிடி

“இரும்பு அடுப்பைத் திருப்பி அனுப்பியுள்ளோம். இனி வேண்டியதில்லை.” கொல்லம் ஆண்டு 1124 தை 9ஆம் தேதியிட்டு, மலைத்தோட்டத்து அலுவலகத்திலிருந்து அண்ணனுக்கு வந்த கடிதத்தில் இவ்வளவே உள்ளது. காரணம் இல்லை. அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அந்தக் காரணத்தை உற்றார் அறிய வேண்டும் என்று அண்ணன் மனைவியான மைனி விரும்பியதால் எழுதுகிறேன்.

அண்ணன் 1080இல் பத்மநாபபுரத்தில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்து, என்னைப் படிக்க வைத்து, கோட்டாற்றில் தகட்டு வேலைப் பட்டறை வைத்தார். 1124 ஐப்பசியில் தோட்டத்துப் பங்களாவிலிருந்து, விரிசல் விட்ட சீமை விறகடுப்பு ஒன்றை வண்டியில் கொண்டுவந்து, அதேபோல் ஒன்று கேட்டார்கள். அது வார்ப்பிரும்பு. அண்ணன் அதைக் கழற்றி அளந்தார். உருக்குத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்து உடலாக்கினார்; உள்ளே செங்கல் பதித்தார்; தீ நேரே குழாய்க்கு ஓடாமல் திரும்பிவர ஒரு தடுப்புத் தகடு வைத்தார். புகைக்குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு. அதன் கைப்பிடி வெளியே குழாயோடு நேராக நின்றால் வழி திறந்திருக்கும். குறுக்கே நின்றால் அடைபடும்.

சீமை அடுப்பின் வட்டத் தகட்டில் கட்டைவிரல் நுழையும் துளை ஒன்று இருந்தது. அண்ணன் சிரித்தார். “சீமை இரும்பையும் துரு அரிச்சு ஓட்ட போட்டிருக்கு பாத்தியா? நம்ம தகட்டுல கொசு நுழையுமா?”

துளையின்றிச் செய்தார். தகடு மூடிக்கொண்டாலும் நச்சுப்புகை வெளியேற விட்ட வழி அது என்று, பின்னர் ஒரு நூலில்தான் படித்தேன்.

அந்த மார்கழிக் குளிரில் பங்களாவில் தன் அறையை அடைத்துக்கொண்டு அந்த அடுப்பருகே படுத்த தோட்டக் கணக்கர் எழுந்திருக்கவில்லை. அடுப்பைத் திரும்பக் கொண்டுவந்த வண்டிக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். கைப்பிடி அன்று நேராக நின்றிருந்தால் அந்தச் சாவில் அண்ணனின் தகட்டுக்குப் பங்கில்லை. கடைசிவரை அவர் அறிய விரும்பியது அது ஒன்றுதான்.

அதன்பின் செய்த ஏழு அடுப்புகளுக்கும் முதல் வேலையாகத் துளையைத்தான் இட்டார். திரும்பி வந்ததை மட்டும் உடைக்கவும் இல்லை, துளையிடவும் இல்லை. பட்டறை மூலையில் தீயின்றி நின்ற அது, அந்தியானால் சூடு தணியும் தகடுபோல டிக், டிக் என்றது. கூரைத் தகரம் குளிரும் ஒலி என்றேன். பட்டறைக்கு ஓட்டுக்கூரை என்பதை மைனி நினைவூட்டினார்.

மாலையில் அண்ணன் கைப்பிடியை நேராக நிறுத்திவிட்டுப் பட்டறையைப் பூட்டுவார். காலையில் அது குறுக்கே நிற்கும். எட்டு நாள் நானே உடன் சென்று பார்த்துக் குறித்துள்ளேன். கைப்பிடி இறுக்கமானது, தானே திரும்பாது. சாவி அண்ணனின் இடுப்பில் இருந்தது.

கடைசி மாதங்களில் மூச்சிரைப்பில் படுத்தார். சன்னலை அடைக்க விடவில்லை. “ஏலே, போய் நேரா வச்சிட்டு வா. அவன் உள்ள கெடக்கான்” என்பார். தினமும் போய், குறுக்கே நின்றதை நேராக்கி வந்தேன். 1130 ஆடி 4ஆம் நாள் காலையில் காலமானார்.

பதினாறாம் நாள் சடங்குக்கு மலையிலிருந்து வந்து, பந்திவரை கூட நின்ற தோட்டக் காவலரான வாச்சர்தான் கணக்கரின் அறைக் கதவை உடைத்தவர். “கைப்பிடி நேரா நின்னுதா, குறுக்க நின்னுதா?” என்று அவரிடம் கேட்டேன்.

“ஆள வெளிய இழுக்கவா, கைப்பிடியப் பாக்கவா, சாரே?” என்றார்.

அவருக்கும், கடைசிவரை மருந்து தந்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

பட்டறையை மாதந்தோறும் திறந்து பார்க்கிறேன். அண்ணன் போனபின் கைப்பிடி நேராகவே நிற்கிறது. கணக்கர் இறந்த அன்று அது எப்படி நின்றது என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.