எந்த கோர்ஸ், மேடம்?

கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆட்டத்தின் மேல் குற்றமில்லை. அதை வைத்து எங்கள் கடையில் நடந்த கூத்துதான் காரணம்.

ராயக்கோட்டை சாலையில் எங்களுக்கு சிமெண்ட் கடை. போர்டிலும் டீலர்ஷிப்பிலும் இருப்பது கணவர் பெயர். கல்லாவில் இருப்பது நான். போச்சம்பள்ளிப் பக்கம் ஷெட் கட்டும் இன்ஜினியர்களிடம் ஆர்டர் பிடிப்பது, மேஸ்திரியிடம் தெலுங்கிலும் லாரி டிரைவரிடம் கன்னடத்திலும் மல்லுக்கட்டுவது, மழை வந்தால் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லிக் கத்துவது எல்லாம் என் பாடு. அவர் காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார். பிறகு குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போய்விடுவார். வாங்க மாட்டார், பார்ப்பதோடு சரி.

அந்த வருடம் நல்ல விற்பனை. இலக்கைத் தாண்டிய டீலர்களைக் குடும்பத்தோடு பாலித் தீவுக்கு அழைத்துப்போவதாக சிமெண்ட் கம்பெனி சொன்னது. டீலர்கள் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் கைதட்டினேன்.

கம்பெனிக்குப் புதிதாக வந்த பெரிய அதிகாரிக்கு கோல்ஃப் பைத்தியமாம். அதனால் பயணத்தில் அதையும் சேர்த்திருந்தார்கள். விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பிவிட்டு போன் செய்தார். லாரி சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன். அதிசயமாக அன்று கணவரும் கடையில் இருந்தார்.

"மேடம், பாலியில மூணு கோர்ஸ் இருக்கு. அதுல ரெண்டு எடுத்துக்கலாம். எந்த கோர்ஸ்னு சாரக் கேட்டுச் சொல்லுங்க."

கணவர் முந்திக்கொண்டார். "எனக்கு எந்தக் கோர்சும் வோணாம். ஊர் சுத்தப் போற எடத்துல எவன் படிப்பான்? நீதான டிகிரி முடிச்சவ, நீ போ."

ஓசூரில் கம்பெனி நடத்திய பயிற்சி கோர்ஸ் அவர் நினைவில் இருந்தது. அதற்கும் என்னைத்தான் அனுப்பினார். நான் படங்களைப் பார்த்துவிட்டேன். ஒன்று கடலோரப் பாறை மேல், ஒன்று நெல்வயல்களுக்கு நடுவில், மற்றொன்று மலையில், பனிமூட்டத்துக்குள். எல்லாவற்றிலும் பச்சைப் புல்லும் சின்னக் கொடியும். பிரதிநிதி கோர்ஸ் என்றது கோல்ஃப் மைதானத்தை. அவர் தவறை நான் திருத்தவில்லை. கம்பெனி தரும் ஒன்றை அவர் தன் வாயால் எனக்கு விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் முறை.

"கடலோரம் ஒண்ணு, மலை ஒண்ணு. எம் பேருக்கு எழுதிக்கங்க" என்றேன்.

பிரதிநிதி சிரித்தார். "மேடம், கோல்ஃப் டீலருக்கு மட்டும்தான். லேடீஸுக்குத் தனி புரோகிராம் இருக்கு. பழத்துல பூ செதுக்கறதெல்லாம் சொல்லித் தருவாங்க."

கணவர் நிமிர்ந்தார். "கோல்ஃபா? பந்து அடிக்கிற வெளையாட்டா? அத மொதல்லயே சொல்றதில்ல? அப்ப எம் பேரையே எழுதுப்பா."

படிப்பு என்றால் நான், விளையாட்டு என்றால் அவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த கடலோரப் படத்தையே விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதிநிதியோ எதுவும் நடக்காதது மாதிரி அடுத்த கேள்விக்குப் போனார்.

"அப்புறம் மேடம், இந்த வாரம் எத்தன லோடு அனுப்பட்டும்?"

"டீலரக் கேளுங்க" என்று போனைக் கணவர் கையில் வைத்தேன்.

அவர் குடோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே இருப்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. "போன வாட்டி அனுப்புன மாதிரியே..." என்று இழுத்தார்.

"போன வாட்டி எத்தன சார்?"

நான் ஒரு மேஸ்திரிக்குக் கட்டுக்கம்பி எடை போடப் போய்விட்டேன். "சார், மேடம்கிட்ட குடுங்க" என்று போன் கெஞ்சியது. அவர் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்னா இது, மானத்த வாங்கற?" என்று பல்லைக் கடித்தார்.

"கோல்ஃபுக்கு நீங்க டீலர்னா லோடுக்கும் நீங்கதான். சொல்லுங்க" என்றேன், ஸ்பீக்கருக்கும் கேட்கும்படி.

அவர் போனை வைத்துவிட்டார். அந்த வாரம் நான் எந்த லோடும் சொல்லவில்லை. குடோன் காலியாகிக்கொண்டே வந்தபோது பிரதிநிதியே கூப்பிட்டார்.

"மேடம், தலைமை ஆபீஸ்ல பேசிட்டேன். கோல்ஃபுல உங்களையும் சேத்தாச்சு. கடலோரம், மலை, ரெண்டும்." கொஞ்சம் தயங்கினார். இத்தனை வருடமும் என் குரலைக் கேட்டுத்தான் லாரி ஏற்றி அனுப்பியவர்.

"எழுதணும்... உங்க பேரு என்ன, மேடம்?"