முடியில் தொங்கிய கடலை

பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் காலை வெயிலில் ஒருவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, புதுத் தூண்டில். நிமிடத்துக்கு ஒருமுறை தூண்டிலை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வீசுவார். அப்படி இழுத்தால் எந்தக் கெண்டையும் வராது. சொல்லலாமென்று அருகில் போனேன்.

முள்ளில் இரையே இல்லை. அதற்குக் கீழே ஒரு நீளத் தலைமுடியில் அவித்த கொண்டைக்கடலை தொங்கியது.

"வீடியோவுல ஹேர் ரிக்குன்னு சொன்னாங்க. கடலைய உறிஞ்சித் துப்பயில முள்ளு ஒதட்டுல மாட்டிக்கிருமாம்" என்றார்.

"பேருதாங்க ஹேரு. மெல்லிசு தூண்டி நரம்புல கட்டுனாப் போதும்" என்று என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைத் தொட்டார்.

"வீட்டுக்காரிக்கு மருந்து ஏத்துனதுலேருந்து முடி சீப்புல கொத்துக் கொத்தா வருதுங்க. நாலு நாளா ஒண்ணும் எறங்கல. கண்மாய்க் கெண்டைன்னா ஒரு வாய் திங்கிறேங்கிறா. அப்ப இந்த முடி ஒதவாதாங்க?"

நரம்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"முடியே நல்லதுங்க. ஆனா இழுத்து இழுத்துப் பாக்காதீங்க."

தூண்டிலை வீசிக் கம்பைக் கல்லிடுக்கில் செருகினார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்தார். நான் கிளம்பும்வரை தூண்டில் நுனி அசையவில்லை. அவரும் அசையவில்லை.