இடது தட்டு, வலது தட்டு

ஆறு மாவுத் திரிகளின் தலைகளைச் சேர்த்துக் கிள்ளி ஒட்டிவிட்டு கெயுலா பின்னத் தொடங்கினால், அதன் பிறகு மேசைப் பக்கம் பார்வையே போகாது. பார்வை ஜன்னலுக்கு வெளியே. கீழே மேட்டுத் தெருவில் யாராவது சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டியைப் பின்னால் உருளவிடுவார்கள். "கிளட்ச்ச மெதுவா விடு கண்ணு, மெதுவா" என்று கெயுலா மூன்றாவது மாடியிலிருந்து முணுமுணுப்பார். அதற்குள் கை, யூதர்களின் சபாத் ஓய்வுநாளுக்கான ஒரு ஹல்லா ரொட்டியை வால்வரை பின்னி, முனையை அடியில் மடித்துச் செருகியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் சடைகூட அவ்வளவு சீராக இருக்காது.

இஸ்ரேலின் மலைநகரமான ஹைஃபாவின் ஏற்ற இறக்கங்களில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் பாதி ஆயுளைக் கழித்ததில், அவருடைய வலது கால் யார் பேச்சையும் கேட்பதில்லை. சுடச்சுட ரொட்டியைக் கிள்ள கணவர் ஆஷெர் கை நீட்டினால், அந்தக் கால் சமையலறைத் தரையை ஓங்கி மிதிக்கும். ஆஷெரும் நின்றுவிடுவார். மாணவர்களுக்குக் கெயுலா சொல்வது இரண்டே பாடம். "கியரப் பாக்காத, கை தானா போகும்." "அசையறதுக்கு முன்னாடி கண்ணாடியப் பாரு, தோளுக்கு மேல திரும்பிப் பாரு." இரண்டாவதைச் செய்யாதவர்களை வண்டியைக் கிளப்பவே விடமாட்டார். ஒரு நீதிபதியம்மா கழுத்தைத் திருப்ப மறுத்து, வண்டி நின்ற இடத்திலேயே பாடவேளை முழுவதும் உட்கார்ந்துவிட்டுப் போன கதை ஊருக்கே தெரியும்.

கடை ஈஸ்ட்டை அவர் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. "அது வாடகை வண்டி. இது நம்ம சொந்த வண்டி" என்று ஜாடியைத் தட்டிக் காட்டுவார். ஜாடியில் இருப்பது புளிமாவு. வியாழன் மாலை அதை முழுவதும் வழித்துப் போட்டு மாவு பிசைந்து, இரவெல்லாம் பொங்கவிடுவார். முட்டை கிடையாது, மாவு, தண்ணீர், உப்பு, எண்ணெய், பேருக்குக் கொஞ்சம் தேன். வெள்ளி காலையில் பொங்கிய மாவிலிருந்து ஓர் உருண்டை கிள்ளி, உயர்த்திப் பிடித்து, ஆசீர்வாதம் சொல்லி, "இது ஹல்லா" என்று அறிவிப்பார்; கடவுளுக்கு ஒதுக்கும் இந்தக் காணிக்கைக்கும் ரொட்டிக்கும் ஒரே பெயர்தான். அந்த நொடியிலிருந்து அந்த உருண்டை வீட்டாருடையது அல்ல. வாயில் வைக்கக் கூடாது, எதற்கும் எடுக்கக் கூடாது; அலுமினியத் தாளில் சுற்றி நெருப்பில் எரித்துவிட வேண்டும். அதன் பின் இன்னோர் உருண்டை கிள்ளுவார். அது அடுத்த வாரத்துப் புளிமாவு. முதலாவது வலது தட்டில், இரண்டாவது இடது தட்டில். வலது நெருப்புக்கு, இடது ஜாடிக்கு. தட்டுகளும் ஒரே மாதிரி, உருண்டைகளும் ஒரே மாதிரி. கெயுலாவுக்குப் பார்த்து எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. கைதான் தானாகப் போகுமே.

இந்தப் புளிமாவில் ஒரு கிள்ளு, இரண்டாவது மாடி சிப்போராவிடமும் இருக்கிறது. அவள் கெயுலாவிடம் வண்டி கற்றுக்கொண்டிருந்த காலத்தில் கேட்டு வாங்கியது. தேர்வில் தோற்றாள், மறுபடி தோற்றாள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வேறு வாத்தியாரிடம் போய் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். இப்போது அவளுடைய சிவப்பு வண்டி கெயுலாவின் வண்டிக்கு எதிரிலேயே நிற்கிறது. "அவளுக்கு மாவும் வராது, ஸ்டியரிங்கும் வராது" என்பது கெயுலாவின் தீர்ப்பு. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "சபாத் ஷாலோம்" என்ற ஓய்வுநாள் வாழ்த்து மட்டும் உண்டு. அதுவும் வெள்ளிக்கிழமைகளில்தான்.

சென்ற வாரம் மகள் நோகா தெற்கே பேர்ஷெபா ஊரிலிருந்து கூப்பிட்டாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து கடை ரொட்டியே சாப்பிடுகிறவள். "அம்மா, வெள்ளிக்கிழமை நாங்க வர்றோம். திரும்பிப் போறப்ப எனக்கும் கொஞ்சம் புளிமாவு குடு. நானே செஞ்சு பாக்கறேன்." கெயுலா "சரி" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். ஆனால் அந்த வாரம் அவரிடம் பாடம் கேட்ட அத்தனை பேருக்கும், ரவுண்டானாவில் திணறிக்கொண்டிருந்தவர்கள் உட்பட, அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. மகள் ஒருநாள் இதைக் கேட்பாள் என்று எத்தனையோ வருடமாகக் காத்திருந்தவர் அவர். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, இரண்டு தட்டிலும் உருண்டைகளை வைத்த கையோடு போன் அடித்தது. ஞாயிறு தேர்வுக்குப் போக வேண்டிய பையன், பயந்துபோய்க் கூப்பிட்டிருந்தான். கெயுலா பால்கனிக்குப் போய் அவனுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்தார். வலது தட்டு உருண்டையை எரித்தார், இடது தட்டு உருண்டையை ஜாடியில் போட்டு மாவும் தண்ணீரும் ஊட்டினார், ரொட்டிகளைப் பின்னினார். மதியம் ரொட்டிகள் அடுப்புக்குள் சிவந்து, வாசனை படிக்கட்டு வரை இறங்கியிருந்தபோது ஆஷெர் காபிக்கு வந்து உட்கார்ந்தார்.

காலையில் கெயுலா போனில் இருந்தபோது, சந்தைப் பெட்டியை வைக்க மேசையில் இடமில்லாததால் தட்டுகளைத் தூக்கி ஜன்னலில் வைத்ததாகவும், பிறகு ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டதாகவும் அவர் பேச்சுவாக்கில் சொன்னார். பாராட்டை எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.

"ஆசீர்வாதம் சொன்னத எந்தப் பக்கம் வெச்ச?"

"இடது பக்கம். நீ நிக்கற எடத்துல நின்னு வெச்சேன். எதிர்ல உக்காந்து பாக்கறப்ப எப்பவும் அங்கதான வைப்ப?"

முப்பது வருடக் குடித்தனம். கெயுலா அவரைத் திட்டக்கூட இல்லை. ஜாடியைத் திறந்து பார்த்தார். எரிக்க வேண்டிய உருண்டை உள்ளே சௌக்கியமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வளர்க்க வேண்டியது காலையிலேயே சாம்பலாகிவிட்டது. மிச்ச மாவு முழுவதும் அடுப்புக்குள் ரொட்டியாகிவிட்டது. அதில் இனி எதுவும் பொங்காது. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த ஆனை சறுக்கி யாரும் பார்த்ததில்லை. ஜாடியில் இருந்ததை வழித்தெடுத்து அதையும் எரித்தார். புதிதாக ஒன்றைப் புளிக்கவைக்க வாரக்கணக்காகும். நோகா சூரியன் விழுந்து சபாத் தொடங்குவதற்குள் வந்துவிடுவாள்.

"கடையில ஈஸ்ட்டு..." என்று ஆஷெர் ஆரம்பித்தார். தரையில் கால் விழுந்தது. அவர் நிறுத்திக்கொண்டார்.

கெயுலா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து வைத்தார், தலை வாரிக்கொண்டார், காலி ஜாடியைக் கழுவாமலே கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாடி இறங்கினார். கதவைத் திறந்த சிப்போராவின் பின்னால், சுவர் ஆணியில் சிவப்பு வண்டியின் சாவி தொங்கியது.

"உன் புளிமாவு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நான் குடுத்ததுதான" என்றார் கெயுலா.

சிப்போரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கு ரெண்டு தடவ கருகின வாசன வந்துச்சு. நீங்க ஒரு தடவதான எரிப்பீங்க."

இதற்கு மேல் சுற்றி வளைக்க வழியில்லை. "என்னுது போச்சு சிப்போரா. நோகா சாயங்காலம் வர்றா. மொத தடவயா கேட்டிருக்கா."

சிப்போரா உள்ளே போய் ஒரு ஜாடியோடு வந்தாள். மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. பழுத்த ஆப்பிள் போல ஒரு புளிப்பு வாசனை. கெயுலாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது, தன்னுடையது இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. அவர் கையை நீட்டினார். சிப்போரா ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி பாத்தாச்சா, டீச்சர்?"

கெயுலாவின் வலது கால் ஒருமுறை படிக்கட்டுத் தரையை மிதித்தது. ஆனால் ஆஷெரைப் போல இங்கே யாரும் அதற்கு நின்றுவிடவில்லை. சிப்போரா சிரிக்காமல் காத்திருந்தாள். கெயுலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நிமிர்ந்து, நெற்றிக்கு நேரே இல்லாத கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடது தோளுக்கு மேல், தாடை தோளில் படும்வரை, தலையைத் திருப்பி, ஆளில்லாத படிக்கட்டைக் கடைசிப் படிவரை பார்த்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.