கருடனுக்காக ஹெலிகாப்டரை விரட்டிய காலை

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சட்டவிரோதக் காரியத்தை ஒரு கோயில் கும்பாபிஷேகத்தில், மூன்று ஊர் ஜனங்கள் பார்க்க, ஒலிபெருக்கி வைத்துச் செய்தேன். விமானம் ஓட்டுகிறவர்களோடு பேசும் கைரேடியோவை உரிமம் இல்லாதவன் தொடவே கூடாது என்று பிறகு ஒருவர் சொன்னார். நான் தொட்டதோடு நிற்கவில்லை. அதில் என் குடும்ப வழக்கையே நடத்தினேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அப்போது நான் டெஸ்பாட்ச் கிளார்க். செல்போன் வாங்கியவர்கள் அதைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிறாற்போல் வைத்துக்கொண்டு திரிந்த வருஷங்கள் அவை. என் மனைவி அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. எங்கள் முதலாளிதான் விழாக் கமிட்டித் தலைவர். விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் ஒருவர் தன் ஊர்க் கோயில் விழாவுக்கு யானை வரவழைத்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. யானையைவிடப் பெரியது எது என்று யோசித்து, ஹெலிகாப்டர் என்று முடிவு கட்டினார். அதிலிருந்து கோபுரத்தின் மேல் பூப் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

பூவை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் முதலாளியைத்தான் சொன்னார்கள். அவருக்கு மொட்டைமாடிக்குப் போனாலே தலை சுற்றும். அதைச் சொல்ல முடியுமா? "நம்ம கம்பெனியில வேலை பாக்குற பொம்பளைகள்ல ஒருத்தர் போகட்டும்" என்று பெருந்தன்மையாக அறிவித்துவிட்டார். கோயில் மண்டபத்தில் வைத்து, பேர் எழுதிய சீட்டுகளை ஒரு எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். என் மனைவி பேர் வந்தது.

கைதட்டல் ஓயுமுன் என் அக்கா எழுந்துவிட்டாள். "பிள்ள குட்டி இல்லாதவ கையாலயா அம்மனுக்குப் பூப் போடணும்? வேற சீட்டு எடுங்க" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். நான் வெளியே கழற்றிப் போட்டிருந்த என் செருப்பைப் பார்த்தேன். கடைசியில் குருக்கள்தான் வாயைத் திறந்தார். "ஹெலிகாப்டர்ல இருந்து பூப் போடுறதப் பத்தி ஆகமத்துல ஒரு வரிகூட இல்ல. யாரு போட்டாலும் ஒண்ணுதான். சீக்கிரம் முடிங்க, எனக்கு சாத்தூர்ல ஒரு ஜோலி இருக்கு" என்றார். வந்த சீட்டே நிலைத்தது, அதோடு சபை கலைந்தது.

அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். பதினோரு நாள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நாக்குதான் எழவில்லை. சாயங்காலம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஹெலிகாப்டர் கம்பெனி விழாவுக்கு முதல் நாளே ஓர் ஆளைக் காரில் அனுப்பியது. தரையில் நின்று பைலட்டோடு பேச வேண்டியது அவர் வேலை. கையில் கறுப்பாக ஒரு ரேடியோ வைத்திருந்தார். போலீஸ்காரர்கள் வைத்திருப்பது மாதிரிதான், உச்சியில் ரப்பர் ஏரியல். எங்கள் ஊருக்கு விசேஷத்துக்கு வந்த ஆள் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால், அந்த வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். இந்த விவரத்தை யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். நல்ல மனிதர், ஆறு வீட்டில் சாப்பிட்டார். விடிந்தபோது பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சில் படுத்திருந்தார், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"இங்கிலீஷ் தெரிஞ்சவன் யாருலே இருக்கான்?" என்றார் முதலாளி. லாரி ரசீதில் சரக்கின் பேரை எழுதுகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். அது போதும் என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

ரேடியோக்காரர் படுத்தபடியே பத்து நிமிஷம் பாடம் நடத்தினார். அலைவரிசை நம்பர் ஏற்கெனவே வைத்தாயிற்று, அதைத் தொடக் கூடாது. மேலே இரண்டு திருகு. ஒன்று சத்தத்தைக் கூட்ட, மற்றது இரைச்சலை அடக்க. ஏரியலைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் பெரிய பட்டனை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால்தான் பைலட் பேசுவது கேட்கும். அமுக்கிய உடனே பேசினால் முதல் வார்த்தை போய்விடும், ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும். யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், அப்புறம் விஷயம். "சுருக்கமா இருக்கணும் சார். காத்து எந்தப் பக்கம், தரையில ஆள் இல்ல, மேல பறவை இல்ல. பறவை ரொம்ப முக்கியம், ஹெலிகாப்டர் இறக்கையில அடிச்சா அவ்வளவுதான். சினிமாவுல மாதிரி ஓவர் ஓவர்னு சொல்ல வேண்டியதில்ல" என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸ் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கரிசல் பொட்டலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, தூசி பறக்காமல் தண்ணீர் லாரி விட்டு நனைத்திருந்தார்கள். நான் ரேடியோவை எடுத்ததும் மைக்செட்காரர் கோயில் மைக்கைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நீட்டினார். ஜனங்களுக்கும் கேட்க வேண்டுமாம். நான் இரைச்சலைத் திருகி அடக்கினேன். உடனே கூட்டத்திலிருந்து, "ஓடலயா? நின்னுபோச்சா?" என்று கூச்சல். அந்த 'இஸ்ஸ்' கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. திரும்பவும் திறந்துவிட்டேன். "பேச்ச முடிக்கும்போது ஓவர் சொல்லுலே. அப்பத்தான் ஒரு இது இருக்கும்" என்றார் முதலாளி. அதையும் சொன்னேன்.

வடக்கே சத்தம் கேட்டது. பைலட் வடநாட்டுக்காரர், இங்கிலீஷில் பேசினார். நான் பதில் சொன்னதும், "உனக்குப் பின்னால் இன்னொருவர் நீ சொன்னதையே சொல்கிறாரே, யார் அவர்?" என்று கேட்டார். அது ஒலிபெருக்கி என்று விளக்கினேன். காற்றுத் திசை பார்க்க வேண்டும், சிறிதாகப் புகை போடச் சொல் என்றார்.

"பொகை கேக்காரு அண்ணாச்சி."

"எந்தக் கலர்ல வேணுமாம்?" என்றார் முதலாளி.

ஆனி மாதத்து மேல்காற்று வேட்டியை உருவிக்கொண்டிருந்தது. ஒரு பிடி வைக்கோல் போதும். பட்டாசுக் கம்பெனி முதலாளியிடம் போய்ப் புகை கேட்டால் அவர் வைக்கோலையா கொளுத்துவார்? அந்த சீசனுக்குப் புதிதாகப் போட்டிருந்த கலர்ப் புகை டப்பாக்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வந்து இறங்கின. சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று நாற்பது டப்பாவையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தார்கள். என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலிருந்து பைலட் பேசினார்: "புகை தெரிகிறது. ஊர் தெரியவில்லை."

"சரக்கு நல்லாருக்கான்னு கேளு" என்றார் முதலாளி இருமிக்கொண்டே. நான் கேட்கவில்லை.

புகை கலையக் கால் மணி நேரம் ஆனது. ஹெலிகாப்டர் இறங்கியது. நாலு கூடைப் பூவோடு என் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறப் போனாள். ஒலிபெருக்கி அலறலை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் அவ்வளவு நேரமும் நின்றிருந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போதும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அழுகை முட்டியது. கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு அழுதால் ஊர் என்ன சொல்லும் என்று அடக்கிக்கொண்டேன். ஹெலிகாப்டர் மேலே எழும்பியது.

அதற்கப்புறம்தான் உண்மையான தகராறு. எங்கள் பக்கம் கருடன் வந்து கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால்தான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்த கமிட்டியில் ஒரு மண்டைக்குக்கூட இது தோன்றவில்லை. அந்தச் சத்தத்துக்கு நாலு ஊர்த் தூரத்துக்கு ஒரு காக்கைகூட இல்லை. குருக்கள் தலையில் குடத்தோடு கோபுர உச்சியில் நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "அந்தச் சனியனப் போகச் சொல்லுங்கய்யா!" என்று மேலேயிருந்து கத்தினார்.

அதே நேரம் பைலட் கேட்டார்: "கோபுரத்தை நோக்கி வரப்போகிறேன். பறவை ஏதும் உண்டா?"

பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, "பறவை இல்லை சார். அதுதான் பிரச்சினை" என்றேன்.

திரும்பச் சொல் என்றார். சொன்னேன். ஒரு பறவை வர வேண்டும், அது புனிதமான பறவை, உங்களைக் கண்டு பயப்படுகிறது, தயவுசெய்து போங்கள், அது வந்து போனதும் கூப்பிடுகிறேன். எவ்வளவு உயரத்தில் வரும் என்று கேட்டார். கோபுரத்துக்கு மேலே, மூன்று சுற்றுச் சுற்றும் என்றேன். "அதனிடம் ரேடியோ இருக்கிறதா?" என்றார். நக்கல்தான், எனக்குப் புரியாமல் இல்லை. முதலாளி என்ன என்ன என்று பிடுங்கியதால் தமிழில் சொன்னேன்.

"இல்லன்னு மரியாதையாச் சொல்லு" என்றார்.

ஹெலிகாப்டர் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போய் மறைந்தது. ஊரே கழுத்தொடிய வானத்தைப் பார்த்து நின்றது. நாயனக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்தார். அப்போது ரேடியோ கரகரத்தது. "உங்கள் பெண்மணி ஐந்து நிமிஷமாக என்னிடம் ஏதோ பேசுகிறார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ரேடியோவைக் காட்டிக் காட்டிக் கேட்கிறார். நீயே பேசு" என்றார் பைலட்.

"ஏங்க, கேக்குதா?"

பதினோரு நாளைக்கப்புறம் அந்தக் குரல் எட்டு ஒலிபெருக்கியிலும் வந்தது. நான் பட்டனை அமுக்கினேன்.

"கேக்குது. பயமாருக்கா? ஓவர்."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. கீழ அணை தெரியுது. தண்ணி கொஞ்சமாத்தான் கெடக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உங்க அக்கா என்னய அப்பிடிச் சொன்னப்ப, நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் ஒன்றாக இறங்கி என் பக்கம் திரும்பியது. அக்கா என்னிடமிருந்து நாலு அடி தள்ளித்தான் நின்றாள். நான் படபடவென்று பேசினேன். அக்கா சுபாவம் தெரிந்ததுதானே, மனசில் ஒன்றும் கிடையாது, சபையில் வைத்து மூத்தவளை எதிர்த்துப் பேசினால் நன்றாகவா இருக்கும், நீயும் கொஞ்சம் அனுசரித்து... நான் பேசப் பேச அது ஒலிபெருக்கி வழியாகச் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. எனக்கே கேவலமாக இருந்தது.

"என்ன சொன்னீக? ஒண்ணுமே வரலையே" என்றாள்.

"நீ பட்டன அமுக்கலயேலே" என்றார் முதலாளி.

மூன்று ஊரும் கேட்டுவிட்டது, அவள் ஒருத்தியைத் தவிர. அது அவளுக்குப் போய்ச் சேராததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தத் தடவை பட்டனை அழுத்திப் பிடித்தேன். ஒரு மூச்சு விட்டேன்.

"அக்கா சொன்னது தப்பு. நான் பேசாம நின்னேனே, அது அதவிடப் பெரிய தப்பு. உன் கையாலதான் பூ விழணும்."

பட்டனை விட்டேன். இரைச்சல். பிறகு அவள் குரல்: "சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன்.

"விட்டு விட்டுக் கேக்குதுங்க. இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. பெட்டி ஒட்டும் பிரிவுப் பெண்கள் அதற்குள் மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்கள். மீதியை அவர்களே சேர்ந்து சொல்லி முடித்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கருடன் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. குருக்கள் மட்டும் பார்த்தாராம். குடத்தைக் கவிழ்த்துவிட்டார். தலையில் தண்ணீர் தெறித்த பிறகுதான் ஜனம் திரும்பிக் கும்பிட்டது. நான் பைலட்டைக் கூப்பிட்டு, பறவை வந்து போய்விட்டது, நீங்கள் வரலாம் என்றேன். "அதற்கு என் நன்றியைச் சொல்" என்றார்.

பூ விழுந்தது. மேல்காற்றில் பாதி கோபுரத்திலும் பாதி கூட்டத்திலும் விழுந்தது. அக்கா தலையிலும் ஒரு பிடி விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. இரண்டு இதழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஹெலிகாப்டர் பொட்டலில் இறங்கியதும் நான் குனிந்தபடி ஓடினேன். என் மனைவி வெறுங்கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி என் கையில் கொடுத்தாள். இறக்கை சுற்றி நிற்கிறவரை காத்திருந்து, "மூணு தடவ சொன்னேனே, கடைசியிலயாவது கேட்டுச்சா?" என்றேன்.

"மொதத் தடவையே மணி மாதிரி கேட்டுச்சு" என்றாள்.

"பெறகு எதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்ன?"

அவள் கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டே நடந்தாள்.

"உங்க அக்காவுக்குக் கேக்கணும்ல."